மூட்டை கட்டும் ஆசாமி

உங்கள் உடம்பின் ஒரே ஒரு செல்லில் இருக்கும் டி.என்.ஏ.வை நீட்டிப் பிடித்தால் சுமார் 2 மீட்டர். உங்களைவிட உயரம்! அது குடியிருக்கும் நியூக்ளியஸோ ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. எப்படி அடங்குகிறது?

எல்லாம் ஹிஸ்டோன் என்ற புரதத்தின் உபயம். 1884-ல் ஜெர்மனியின் ஆல்பிரெக்ட் கோசெல் வாத்து ரத்தத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். 'வெறும் மூட்டை கட்டும் ஆசாமி' என்றுதான் பல விஞ்ஞானிகள் ரொம்ப காலம் நினைத்தார்கள். எட்டு ஹிஸ்டோன் சேர்ந்த உருண்டையில் டி.என்.ஏ. நூல்கண்டு மாதிரி சுற்றியிருக்கிறது என்று 1974-ல் ரோஜர் கார்ன்பெர்க் சொன்னதும், அந்த எண்ணம் இன்னும் பலப்பட்டது.

ஆனால், நியூயார்க்கில் வின்சென்ட் ஆல்ஃப்ரே 1964-லேயே வேறு மாதிரி சொல்லியிருந்தார்: ஹிஸ்டோனில் அசிட்டைல் என்ற சின்ன ரசாயன ஒட்டு ஏறினால், ஜீன் விழித்துக்கொள்ளும். அதிகம் பேர் காதில் வாங்கவில்லை. 32 வருஷம் கழித்து, 1996-ல் டேவிட் ஆலிஸ் அந்த ஒட்டைப் போடும் என்ஸைமைக் கையும் களவுமாகப் பிடித்தார். பார்த்தால், ஜீன்களை முடுக்கிவிடும் ஈஸ்ட் புரதம் ஒன்றுக்கு அது நெருங்கிய சொந்தம்!

உங்கள் கண்ணுக்கும் கல்லீரலுக்கும் டி.என்.ஏ. ஒன்றுதான். எதைப் பிரிப்பது, எதைச் சுருட்டி நியூக்ளியஸின் ஓரத்தில் தூங்கவைப்பது என்பதில்தான் வித்தியாசம். இது தப்பினால் கேன்சர்கூட வரலாம். அந்த ஒட்டு கழன்றுவிடாமல் காக்கும் வோரினோஸ்டாட் மருந்தை, ஒருவகைத் தோல் லிம்ஃபோமாவுக்குக் கொடுக்க 2006-ல் அமெரிக்கா அனுமதித்தது.

மூட்டை கட்டுகிறவரிடம்தான் சாவியும் இருந்திருக்கிறது!