ஒரு கொக்கி ஊசியும் சிறிது நூலும்



நம் பெண்கள் ஐக்கிய சங்கத்தைச் சேர்ந்த சில சகோதரிகள் இந்நாட்களில் குரோஷா பின்னல் கற்றுவருகிறார்கள். அருப்புக்கோட்டையில் நூலுக்குக் குறைவில்லை; தறியோசையோடு வளர்ந்த ஊர் இது. மல்லிகை தொடுத்துப் பழகிய விரல்களுக்கு நூலை இழுத்து முடியச் சொல்லித்தர வேண்டியதும் இல்லை. ஆயினும் இத்தகைய கைவேலை நம் நாட்டுப் பெண்களிடம் வந்து சேர்ந்த வரலாற்றையும் சேர்த்தே கற்பது நலம்.

தொடக்கத்தில் கற்கவேண்டியது கொஞ்சமே. நூலில் ஒரு சுருக்கு வளையம் இட்டு, அதனூடாகக் கொக்கியால் நூலை இழுத்தால் அடுத்த வளையம் பிறக்கும். இப்படியே சங்கிலி நீளும். சங்கிலியின் ஒரு கண்ணில் கொக்கியை நுழைத்து நூலை இழுத்தால் கொக்கியில் இரண்டு வளையங்கள் நிற்கும். அவ்விரண்டினூடாகவும் ஒருசேர நூலை இழுத்துவிட்டால் குட்டையான பின்னல் ஒன்று முடிந்தது. நுழைக்கும் முன்பே நூலை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டால் மூன்று வளையங்கள் நிற்கும். அவற்றை இரண்டிரண்டாக இருமுறை இழுத்துக் கழித்தால் உயரமான பின்னல். புதியவர்களின் வேலை வரிசைக்கு வரிசை குறுகிப்போவது பெரும்பாலும் ஓரத்துக் கண்ணைத் தவறவிடுவதால்தான். ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணிப் பார்ப்பதே அதற்கு மருந்து.

தறி வேண்டாம், முதல் வேண்டாம், தனி இடமும் வேண்டாம். ஆகவேதான் இந்தப் பின்னல் பஞ்சகாலத்தில் ஏழைகளிடம் போயிற்று. 1845 முதல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி ஜனங்கள் மாண்டபோது, கன்னியர் மடங்களிலும் போதகர் இல்லங்களிலும் இதைக் கற்பித்தார்கள். குளோன்ஸ் என்ற ஊரில் 1847இல் அதைத் தொடங்கியவர் அவ்வூர்ப் போதகரின் மனைவி கசாண்ட்ரா ஹேண்ட். வெனிஸ் நகரத்து ஊசி லேஸின் சாயலை மிகக் குறைந்த நேரத்தில் கொக்கியால் கொண்டுவர முடிந்ததால், பின்னியவர் வீட்டில் அடுப்பு எரிந்தது. தாது வருடப் பஞ்சத்தின் கதையைக் கேட்டு வளர்ந்த திருச்சுழிச் சீமையாருக்கு இதன் பொருளை நான் விளக்கத் தேவையில்லை.

நம் பக்கத்தில் கதை அதற்கும் முந்தியது; ஆனால் அது குரோஷா அன்று, திண்டின்மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் லேஸ். 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் ஐயரின் மனைவி மார்த்தா அம்மையார், தமது பெண்கள் பள்ளியில் அதைக் கற்பித்தார். அங்கே படித்தவர்களில் அடிமைக் குடும்பத்துப் பிள்ளைகளும் இருந்தனர். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். அதற்கு முன்பே அப்பெண்களில் சிலர் லேஸ் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள். மிஷன் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஞானஸ்நானக் கணக்கை விரிவாக எழுதிவிட்டு இதை ஒரு வரியில் கடப்பது எனக்கு வருத்தமே.

மார்த்தாவின் மகள் எலைசா 1844இல் கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடிக்குச் சென்றார். அந்தத் தேரிக்காட்டு ஊரிலும் பெண்களுக்கு லேஸ் கற்பித்தார்.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. ஆந்திராவின் நரசாப்பூரிலும் மிஷனெரிகளே குரோஷா லேஸை அறிமுகம் செய்தார்கள். அங்குள்ள பின்னலாளர்களைப் பற்றி மரியா மீஸ் என்ற ஜெர்மானியச் சமூகவியலாளர் 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். வேலை முகவர்கள் மூலம் வீடு வீடாக வந்தது. ஏற்றுமதி ஆண் வியாபாரிகளின் கையில் இருந்தது. நாளெல்லாம் பின்னிய பெண்களோ ஓய்வு நேரத்தில் கைவேலை செய்யும் இல்லத்தரசிகள் என்றே எண்ணப்பட்டார்கள். கூலியும் அந்த எண்ணத்திற்கு ஏற்றபடியே மிகச் சொற்பமாயிருந்தது. கொக்கியும் நூலும் அயர்லாந்தில் இருந்தவையே. விலையைச் சொன்னவர் பின்னியவர் அல்லர்.

யோப்பா பட்டணத்துத் தபீத்தாளை நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். அவள் தைத்த வஸ்திரங்களை விதவைகள் அழுதுகொண்டே பேதுருவுக்குக் காண்பித்தார்கள். அவள் தைத்தது தானமாக. நம் சகோதரிகள் பலர் பின்னப்போவதோ பிழைப்புக்காக. தானத்தின் பேரைச் சொல்லிப் பிழைப்பின் கூலியைக் குறைப்பது சபைகளிலும் நடக்கிறது. விற்பனை விழாவுக்கு வரும் கைவேலையை நாம் பேரம் பேசுகிற விதத்தை யோசித்துப் பாருங்கள்.

ஆகவே சங்கத்தாரிடம் ஒரு கணக்கு நோட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். நூலின் விலை, பின்னிய மணிநேரம், பின்னியவர் பெயர் ஆகிய மூன்றும் அதில் எழுதப்படும். அறுப்பின் பண்டிகைக்கு முதல் மேசை விரிப்பு முடிந்துவிடும் என்கிறார்கள். அதன் விலையைப் பின்னியவரே சொல்வார்.