தங்கவயல் சுரங்கமும் மரபணுவியல் தேர்வுத்தாளும்

மூலக்கூற்று உயிரியல் இறுதித் தேர்வுக்கு ஆயத்தமாகும் மாணவர் பலர் மறுசேர்க்கை, சடுதிமாற்றம், நிறுத்தக் கோடான் ஆகியவற்றை வரையறைகளாகவே மனனம் செய்கின்றனர். அவற்றை எவ்வாறு கண்டறிந்தனர் என்னும் வினா எழும்போதுதான் திணறுகின்றனர். இவ்வினாவுக்கு விடைகாண, ஒரே நிறுவனத்துடன் தொடர்புடைய அறிவியலாளர்களின் இருவேறு துறை ஆய்வுகளை ஒப்புநோக்கலாம்.

ஒபைத் சித்திக்கி கிளாஸ்கோவில் பொன்டெகோர்வோவின் ஆய்வகத்தில் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையை ஆராய்ந்தார். பாரா அமினோ பென்சாயிக் அமிலத்தைத் தாமே உருவாக்க இயலாத இரு சடுதிமாற்ற வகைகளைக் கலந்து, அவற்றின் வித்துகளை அவ்வமிலம் இல்லாத ஊடகத்தில் பரப்பினால், ஏனையவை வளர்வதில்லை. அம்மரபணுவுக்குள்ளேயே மறுசேர்க்கை நிகழ்ந்த மிகச் சிலவே வளரும். பின்னர் அமெரிக்காவில் ஆலன் கேரனுடன் இணைந்து அவர் 1962இல் வெளியிட்ட ஈ.கோலை ஆய்வு, நிறுத்தக் கோடான்களை இனங்காண வழிவகுத்த ஆய்வுகளுள் ஒன்று. அதே ஆண்டில், ஹோமி பாபாவின் அழைப்பை ஏற்று, மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் மூலக்கூற்று உயிரியல் பிரிவைத் தொடங்கினார்.

அந்நிறுவனத்தின் இயற்பியலாளர்கள் அக்காலத்தில் கோலார் தங்கவயலில் நிலத்தடியில் இருந்தனர். வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளர் தலைமுறைகளாக வெட்டிய ஆழமே அவர்களுக்கு ஆய்வுக்கூடமாயிற்று. காஸ்மிக் கதிர்களால் விளையும் மியூவான்களைப் பாறை தடுத்துவிடும். நியூட்ரினோ மட்டும் ஊடுருவும். 1965இல் ஏறத்தாழ 2.3 கி.மீ. ஆழத்தில், ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகத்தாருடன் இணைந்து, வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தை அவர்கள் பதிவுசெய்தனர்.

பாறை செய்த பணியையே மரபணுவியலில் வளர்ப்பு ஊடகம் செய்தது: மிகுதியை நீக்கி அரிதானதைக் காட்டுதல். எனினும் எந்த வடிகட்டியும் முழுமையானதன்று. சுரங்கத்தில் மேலிருந்து கசியும் மியூவான்கள் ஐயத்தை எழுப்பும். ஆகவே கருவிகளைச் செங்குத்துச் சுவர்களாக நிறுத்திக் கிடைத்திசைத் தடங்களைத் தேடினர். ஊடகத்தில், பின்சடுதிமாற்றத்தால் இயல்புநிலைக்கு மீண்ட வித்தும் மறுசேர்க்கை பெற்றதுபோல் வளரும். ஆகவே ஒவ்வொரு பெற்றோர் வகையையும் தனியே பரப்பி எண்ணுதல் வேண்டும். தேர்வு விடைகளில் பெரும்பாலும் விடுபடுவது இக்கட்டுப்பாட்டுச் சோதனையே.

2001இல் சுரங்கம் மூடப்பட்டது. தங்கவயல் இளைஞர் பலர் இன்று மாரிக்குப்பம் தொடர்வண்டியில் பெங்களூருக்குப் படிப்பையும் பணியையும் நாடிச் சென்றுவருகின்றனர். அவர்களுள் மரபணுவியல் பயில்வோருக்கும் ஏனைய மாணவருக்கும் ஒரு பரிந்துரை: பாடத்திலுள்ள ஒவ்வொரு சோதனைக்கும் மூன்று வரிகள் எழுதுங்கள். அரிதான நிகழ்வு யாது? ஏனையவற்றை நீக்கியது எது? போலியை எவ்வாறு பிரித்தறிந்தனர்? இம்மூன்றையும் எழுதத் தெரிந்தவருக்கு வரையறையைத் தனியே மனனம் செய்யும் தேவை பெரிதும் குறையும்.