'எஸ்'ஸா, 'எஃப்'ஆ?

ஃபோனில் பெயர் சொல்லும்போது "எஸ்ஸா, எஃப்பா?" என்று திருப்பிக் கேட்காதவர்கள் எங்களில் குறைவு. லைன் சரியில்லை என்று திட்டுவோம். ஆனால் அதில் ஒரு பங்கு வேண்டுமென்றே செய்த வேலை.

1900 அளவில் அமெரிக்காவின் தூரத் தொலைபேசிக் கம்பிகளில் குரல் மங்காமல் இருக்க இடையிடையே சுருள்கள் போட்டார்கள். குரல் தெளிந்தது, ஆனால் ஓர் எல்லைக்கு மேற்பட்ட மீடிறன்கள் போகவில்லை. ஏடி அன்ட் டி பொறியியலாளர் ஜோர்ஜ் கம்பெல் அந்தக் குறையையே கருவியாக்கினார்: அலை வடிகட்டி. 1917இல் ஆக்கவுரிமை கிடைத்தது. ஜெர்மனியில் கார்ல் வில்லி வாக்னரும் தனியாக இதே இடத்துக்கு வந்திருந்தார்.

வடிகட்டி சுவர் இல்லை, சரிவு. ஒரு தடையியும் ஒரு கொள்ளளவியும் கொண்ட ஆக எளிய வடிகட்டியில், எல்லை மீடிறனிலேயே சைகை 70 சதவீதமளவுக்கு இறங்கிவிடும். அதற்கு நன்கு மேலே போனால், மீடிறன் இரட்டிக்கும்போதெல்லாம் சைகை பாதியாகும். சரிவைச் செங்குத்தாக்கத்தான் கம்பெல் சுருளையும் கொள்ளளவியையும் ஏணி மாதிரி அடுக்கினார்.

ஒவ்வொரு உரையாடலையும் வேறு வேறு மீடிறனுக்கு நகர்த்தி, மறுமுனையில் வடிகட்டியால் பிரிக்கலாம். 1918இல் பால்டிமோர்–பிட்ஸ்பர்க் இடையே ஒரே சோடிக் கம்பியில் பல உரையாடல்கள் இப்படித்தான் போயின. பிற்காலத்தில் ஒரு குரலுக்கு 4000 ஹேர்ட்ஸ் ஒதுக்கி, 300 தொடக்கம் 3400 வரை மட்டும் விட்டார்கள். மிச்சம் சரிவுக்கான இடம்.

'எஸ்'ஸின் சீறல் பெரும்பாலும் 3400க்கு மேலே. கம்பியை மிச்சம் பிடிக்க, குரலில் எவ்வளவு போதும் என்று யாரோ முடிவெடுத்தார்கள். அந்த முடிவைத்தான் நாங்கள் லைன் பிழை என்று திட்டிக்கொண்டிருக்கிறோம்.