பங்களாக் குசினி

ஈப்போவைச் சுற்றியுள்ள விடுமுறை வீடுகளின் விளம்பரங்களைப் படிப்பது எனக்கொரு பழக்கம். 'பழைய தோட்ட பங்களா', 'துரை வாழ்ந்த வீடு' என்று எதையாவது பார்த்தால் முழுசாகப் படிக்காமல் விடமாட்டேன். அகலமான வராந்தா, உயரமான கூரை, சுற்றிலும் பச்சை. பட்டியலின் கடைசியில் 'நீங்களே சமைத்துக்கொள்ளலாம்' என்றிருக்கும். அந்த ஒரு வரிதான் என்னை உறுத்துகிறது. அந்த மாதிரி பங்களாவில் குடியிருந்த எந்தத் துரை தானே அடுப்பு மூட்டியிருப்பார்?

ரப்பருக்கும் பேராக்குக்கும் உள்ள உறவு பழையது. ஹென்றி விக்காம் 1876-ல் பிரேசிலிலிருந்து எடுத்துப்போன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. 1877-ல் அந்த வழியில் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் 9 கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. ஒரு மரம் இன்னும் அங்கே மாவட்ட அலுவலகத்தை ஒட்டி நிற்கிறது. மோட்டார் வண்டி வந்து டயருக்குக் கிராக்கி ஏறியதும் காடுகள் தோட்டங்களாயின. கங்காணிமார் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போய் ஆள் கட்டி வந்தார்கள். வந்த சனங்களுக்கு லயம், துரைக்கு மேட்டில் பங்களா.

அந்த பங்களாவின் அமைப்பைக் கவனியுங்கள். குசினி பெரும்பாலும் வீட்டோடு ஒட்டியிருக்காது. சூடும் புகையும் தீ பயமும் வீட்டுக்குள் வரக்கூடாது என்று பின்னால் தள்ளிக் கட்டி, கூரை போட்ட நடைபாதையால் இணைத்திருப்பார்கள். அதற்கும் பின்னால் வேலைக்காரர்களின் அறைகள். சமையலுக்குப் பல இடங்களில் ஹைனான் சீனர். தண்ணீர் தூக்க, புல்வெட்ட, பூச்செடி பார்க்க நம்ம ஆளுங்க. சாப்பாடு மேசைக்கு வரும், ஆனா அது வந்த வழி கண்ணில் படாது. அப்படித்தான் வீடே திட்டமிடப்பட்டது.

உண்மையில் 'நீங்களே சமைத்துக்கொள்ளலாம்' என்ற வரி பொருந்துவது லயத்துக்குத்தான். பழைய லயங்களில் ஒரு குடும்பத்துக்கு ஒரே அறை, முன்னால் அஞ்சடி. விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, பெரட்டுக்கு ஓட வேண்டும். பால்வெட்டி, மங்கிலிருந்து பாலெடுத்து, ஸ்டோருக்குச் சுமந்துபோய்த் திரும்பினால் மறுபடியும் அதே அடுப்பு.

பத்து காஜா அருகிலுள்ள கெல்லி கோட்டைக்கு நீங்களும் பள்ளிச் சுற்றுலா போயிருக்கலாம். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித், கிந்தா கெல்லாஸ் தோட்டத்தின் முதலாளி. ஏற்கெனவே இருந்த வீடு போதாமல் 1915-ல் இந்த மாளிகையைத் தொடங்கினார். மின்தூக்கிக்குக்கூட இடம் விட்டிருந்தார். கட்டுவதற்குத் தமிழ்த் தொழிலாளர்களை மெட்ராசிலிருந்து வரவழைத்தார். நோய் பரவி ஆட்கள் செத்துவிழுந்தபோது, கோயில் கட்டித் தாருங்கள் என்று அவர்கள் கேட்டதாகவும் அவர் சம்மதித்ததாகவும் சொல்கிறார்கள். 1926-ல் அவர் லிஸ்பனில் நிமோனியாவில் இறந்தார். மாளிகை அரைகுறையாக நின்றுவிட்டது.

கோயில் இன்றும் இருக்கிறது. கூரையில் தெய்வ உருவங்களோடு கோட்டும் தொப்பியுமாக ஒரு வெள்ளைக்காரரும் நிற்கிறார், அவர்தான் கெல்லி என்பார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும். துரைக்கு மாளிகையும் இருக்கிறது, சிலையும் இருக்கிறது. செங்கல் சுமந்தவர்கள் எந்த வீட்டில் தூங்கினார்கள்?

அந்த வீடுகள் காணாமல் போனதற்குக் காரணம் உண்டு. லயம் வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் வீடும் போச்சு. 1950-களில் ஆங்கிலேயர்கள் தோட்டங்களை விற்றபோதும், வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றபோதும் இதுதான் நடந்தது. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதற்காகத்தான். தொழிலாளர்களிடம் பத்து பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார்கள். ஆனால் எல்லாத் தோட்டத்தையும் காப்பாற்ற முடியவில்லை. பிறகு செம்பனை வந்தது, வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயங்கள் இடிக்கப்பட்டன.

பங்களா பழசானால் 'பாரம்பரியம்', வெள்ளையடித்து வாடகைக்கு விடுவார்கள். லயம் பழசானால் 'குடியிருக்கத் தகுதியற்றது'. இரண்டும் ஒரே தோட்டத்தின் வரலாறுதானே?

இந்த வீடுகளில் தங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. போங்கள், சமைத்துச் சாப்பிடுங்கள். சாயங்காலம் மேட்டிலிருந்து இறங்கி ஒரு நடை நடந்து, லயம் எங்கே இருந்தது என்று தேடிப் பாருங்கள். கேட்பாரற்ற முருங்கை, கறிவேப்பிலை, ஒரு சின்ன முனியாண்டி கோயில், இதில் ஏதாவது ஒன்று அடையாளம் காட்டும். வீட்டுக்குத் திரும்பியதும் பாட்டியிடம் உட்கார்ந்து கேளுங்கள்: லயத்தில் எத்தனை வீடு, தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம், விடியக்காலையில் என்ன சமைத்தீர்கள்? கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். லயத்தில் பிறந்த தலைமுறை இப்போது அடுக்குமாடி வீடுகளில் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறது.