எச்.ஐ.வி உள்ள தாய்-சேய் நலமும் உணவுப் பாதுகாப்பின்மையும்

உணவுப் பாதுகாப்பின்மை என்பது உடல்நலத்துடன் வாழப் போதுமான, சத்துள்ள உணவு ஒரு குடும்பத்திற்கு எந்நாளும் கிடைக்கும் என்ற உறுதி இல்லாத நிலை ஆகும். எச்.ஐ.வி தொற்றுள்ள தாய்மாரை இந்நிலை இரு வகைகளில் பாதிக்கிறது. ஒன்று, தாயின் உடல் மேலும் நலிவடைகிறது. மற்றொன்று, குழந்தைக்கு எவ்வாறு பாலூட்டுவது என்ற முடிவு சிக்கலாகிறது.

வரலாறு

இந்தியாவில் எச்.ஐ.வி தொற்று முதன்முதலில் 1986 இல் சென்னையில் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் அறிஞர் சுனிதி சாலமன், அவரது மாணவி செல்லப்பன் நிர்மலா ஆகியோர் இதனைக் கண்டறிந்தனர். சுனிதி சாலமன் 1993 இல் ஒய். ஆர். ஜி. கேர் நிறுவனத்தைத் தொடங்கினார். 1994 இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைக்கப்பட்டது. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு இலவசமாகக் கூட்டு மருந்துகளை வழங்கத் தொடங்கியது. அதனை முதலில் வழங்கிய இடங்களுள் தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று.

உணவுத் தேவை

உலக சுகாதார அமைப்பின் 2003 ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, நோய் அறிகுறி இல்லாத தொற்றாளருக்கு வழக்கத்தைவிட 10% கூடுதல் ஆற்றல் தேவை. அறிகுறி தோன்றியபின் இது 20 முதல் 30% வரை உயரும். பாலூட்டும் எந்தத் தாய்க்கும் முதல் ஆறு மாதங்களில் நாளொன்றுக்குச் சுமார் 600 கலோரி கூடுதலாக வேண்டும். வெறும் வயிற்றில் மருந்து உண்பவருக்குக் குமட்டல் மிகுமானால் அவர் வேளைகளைத் தவறவிட நேரும். அவ்வாறு தவறினால் குருதியில் தீநுண்மி பெருகி, தாய்ப்பால் வழியே தொற்றும் வாய்ப்பும் கூடும்.

பாலூட்டல்

எந்தத் தடுப்பும் இல்லாதபோது தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45% ஆகும். முறையான சிகிச்சையால் இதனை 5 விழுக்காட்டிற்கும் கீழே குறைக்கலாம். தொடக்கத்தில் பால்மாவு பாதுகாப்பான மாற்றாகக் கருதப்பட்டது. ஆனால் வறிய வீடுகளில் மாவைச் சிக்கனமாக நீர்த்துக் கரைப்பதும், தூய நீர் இல்லாமையும் வயிற்றுப்போக்கிற்கும் ஊட்டக்குறைவிற்கும் வழிவகுத்தன. தாய்ப்பாலுடன் சர்க்கரைத் தண்ணீர், பசும்பால் போன்றவற்றைக் கலந்து கொடுப்பதைவிடத் தாய்ப்பால் மட்டும் கொடுப்பதில் தொற்று குறைவு என்பதைத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நடந்த ஆய்வு 1999 இல் காட்டியது. 2010 இல் உலக சுகாதார அமைப்பு, மருந்தின் துணையுடன் பாலூட்டுவதைப் பரிந்துரைத்தது. 2014 முதல் இந்தியாவில் தொற்றுள்ள கருவுற்ற பெண்கள் அனைவருக்கும் வாழ்நாள் சிகிச்சை என்ற கொள்கை நடைமுறைக்கு வந்தது. குழந்தைக்கு நெவிரபின் கூழ்மருந்து கொடுக்கப்பட்டு, ஆறாவது வாரத்தில் குருதிச் சோதனை செய்யப்படுகிறது.

தமிழ்நாட்டில் உதவிகள்

நியாயவிலைக் கடைகளில் 2011 முதல் அரிசி இலவசமாக வழங்கப்படுகிறது. அங்கன்வாடிகளில் கருவுற்றோருக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் சத்துமாவு தரப்படுகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் ஏழைத் தாய்மாருக்கு நிதியளிக்கிறது. 2009 இல் நடுவண் அரசு, வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ள எச்.ஐ.வி தொற்றாளர் குடும்பங்களை அந்தியோதயா அன்ன யோஜனா திட்டத்தில் முன்னுரிமையுடன் சேர்க்கப் பணித்தது.

எனினும் அரிசி பசியைத் தணிக்குமே தவிர, பருப்பு, முட்டை, கீரை ஆகியவற்றின் இடத்தை நிரப்பாது. கணவனை இழந்து புகுந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்படும் பெண்ணின் பெயர் குடும்ப அட்டையில் அவ்வீட்டுடனேயே தங்கிவிடும். புதிய அட்டை பெறும்வரை அவருக்குரிய பங்கு கைக்கு வராது. தொற்று வெளியே தெரிந்துவிடும் என்ற அச்சத்தால் உதவி கேட்கத் தயங்குவோரும் உண்டு. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி, எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், தொற்றாளரைப் பாகுபடுத்துவதைத் தடைசெய்வதுடன் பகிர்ந்த வீட்டில் வசிக்கும் உரிமையையும் பாதுகாக்கிறது.