பாரமகால் நில அளவை முதல் இணையவழிப் பட்டா வரை: தருமபுரி நிலப்பதிவேடும் குடிமக்களும்

ஆய்வுச்சுருக்கம்

தருமபுரிப் பகுதியில் 1792க்குப் பின் உருவான நிலப்பதிவேடு யார் கையில் இருந்தது, குடிமக்களுக்கு எந்த அளவுக்குத் திறந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஓர் ஆவணம் இணையத்தில் காணக் கிடைப்பதும், அது திறந்த தரவாக அமைவதும் வேறு வேறு என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: பாரமகால், இரயத்துவாரி, பட்டா, தகவல் அறியும் உரிமை, திறந்த தரவு

முன்னுரை

அரசுத் தரவுகள் மக்களுக்குத் திறக்கப்படுவது கணினிக் கால நிகழ்வாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. அத்தரவுகளுள் உழவர் வாழ்வோடு மிக நெருங்கியது நிலப்பதிவேடு. 1965 அக்டோபர் 2இல் சேலத்திலிருந்து பிரிக்கப்பட்ட தருமபுரி மாவட்டம் அதன் வரலாற்றுத் தொடக்கக் களங்களுள் ஒன்று.

வரிக்கான ஆவணம்

1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாரமகால், திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கைமாறியது. அலெக்சாண்டர் ரீடு நிருவாகப் பொறுப்பேற்றார். அவருடைய உதவியாளர்களுள் ஒருவரான தாமஸ் மன்றோ தருமபுரியில் தங்கிப் பணியாற்றினார். புலம்தோறும் அளந்து, தீர்வை குறித்து, இடைத்தரகரின்றி உழவரிடம் வரி பெறும் இரயத்துவாரி முறைக்கு இங்கே அடித்தளம் இடப்பட்டது. உழவரின் பெயர் ஏட்டில் ஏறியது. ஆனால் ஏடு உழவருக்காக எழுதப்படவில்லை. வரி வருவாயை உறுதிசெய்வதே அதன் நோக்கம்.

கர்ணத்திடமிருந்து கணினிக்கு

ஊர்க்கணக்கு நெடுங்காலம் கர்ணத்தின் கையில் இருந்தது. தம் நிலம் எவ்வாறு பதியப்பட்டுள்ளது என்பதை அறிய உழவர் அவரையே சார்ந்திருந்தனர். 1980இல் தமிழக அரசு பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. பின்னர் கிராம நிருவாக அலுவலர்கள் அமர்த்தப்பட்டனர். 1983ஆம் ஆண்டுப் பட்டா பாஸ்புத்தகச் சட்டம், பதிவின் படியொன்றை உரிமையாளர் வீட்டில் வைத்திருக்க வழிசெய்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் (2005) தன் 4ஆம் பிரிவில், ஆவணங்களைக் கணினிப்படுத்துவதையும் கேளாமலே தகவல் வெளியிடுவதையும் அரசின் கடமையாக்கியது. இன்று மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டால் பட்டாவையும் 'அ' பதிவேட்டு விவரத்தையும் இணையத்தில் காணலாம். இ-சேவை மையங்களில் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்கலாம்.

காண்பதும் திறப்பதும்

இவ்வசதி ஏட்டைக் காட்டுகிறது. ஏட்டின் பிழையைத் தானே திருத்துவதில்லை. இறந்த பாட்டனார் பெயரிலோ கூட்டுப் பட்டாவாகவோ நிற்கும் பதிவு, திரையிலும் அவ்வாறே தோன்றும். திருத்தம் பெற வாரிசுச் சான்று, அளவை, விசாரணை ஆகிய பழைய படிகளையே கடக்க வேண்டும். மேலும், இங்கு ஒரு வினாவுக்கு ஒரு நிலத்தின் விவரமே விடையாகக் கிடைக்கும். நடுவண் அரசின் 2012ஆம் ஆண்டுத் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கை முன்வைக்கும் திறந்த தரவோ, கணினி படிக்கத்தக்க வடிவில் தொகுப்பாக வழங்கப்படுவது. தனியொருவர் தம் பதிவைச் சரிபார்க்க முதல் முறை போதும். ஓர் ஊரில் எத்தனை பதிவுகள் தேங்கியுள்ளன என்று அறிந்து அரசைக் கேள்வி கேட்க இரண்டாவது முறையே உதவும்.

முடிவுரை

பாரமகால் அளவை, குடிமக்களை அரசு அறிவதற்கான கருவியாக இருந்தது. இணையச் சேவை அப்பார்வையை ஓரளவு திருப்பியுள்ளது. உரிமையாளர் பெயர்களை நீக்கி, கூட்டுப் பட்டாக்களின் எண்ணிக்கை, நிலுவையிலுள்ள மாறுதல் மனுக்கள், அவற்றுக்கு ஆகும் காலம் ஆகியவற்றைக் கிராம வாரியாக வெளியிட்டால், தனியுரிமை கெடாமலே அரசைக் குடிமக்கள் அறிய இயலும். நிலப்பதிவேட்டின் வெளிப்படைத்தன்மையை அளக்க அதுவே தக்க அளவுகோல்.