காழ்: மரத்தில் பிறந்த சொல்

காழ்ப்புணர்ச்சி என்ற சொல் செய்தித்தாளில் அடிக்கடி கண்ணில் படுகிறது. அதன் முதலில் நிற்கும் ‘காழ்’ மரத்துக்கு உரியது.

காழ் என்றால் மரத்தின் முற்றிய வைரம். கெட்டியான விதைக்கும் கோத்த மணிவடத்துக்கும் அந்தப் பெயர் உண்டு. காழ்த்தல் என்பது முற்றி இறுகுதல். பகையை முள்மரத்தோடு ஒப்பிடும் குறளில் (879) வள்ளுவர் ஆள்வதும் இந்தச் சொல்லைத்தான். மரம் இறுகுவதுபோல் பகை மனத்தில் இறுகினால் காழ்ப்பு.

தொல்காப்பிய மரபியல் இந்த ஒரு சொல்லை வைத்தே தாவரங்களைப் பிரித்துவிடுகிறது. வெளிப்புறம் வைரமானவை (புறக்காழ்) புல், உள்ளே வைரமானவை (அகக்காழ்) மரம். அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் மூங்கிலும் புல்! இன்றைய தாவரவியலும் பனையையும் நெல்லையும் ஒருவித்திலைத் தாவரங்களாக ஒரே பக்கம் வைக்கிறது. பனைக்கு ஓலை, மாவுக்கு இலை என்று நம் வாய் இன்னும் பிரித்தே சொல்கிறது.

பனையை அறுத்துப் பார்த்தால் இந்தப் பிரிவின் காரணம் தெரியும். நீரும் உணவும் ஓடும் நார்க்கற்றைகள் ஓரத்தில் நெருங்கி நிற்கின்றன. நடுவில் மெத்தென்ற சோறு. தேக்கில் கதை வேறு. பட்டைக்கு அடியிலுள்ள வளர்படலம் புதுக் கட்டையை வெளிப்பக்கம் சேர்த்துக்கொண்டே போகிறது. உள்ளே தள்ளப்பட்ட பழைய குழாய்கள் நீர் கடத்துவதை நிறுத்தி, பிசினும் துவர்ப்பொருளும் ஏறிக் கறுத்து இறுகுகின்றன. அதுவே அகக்காழ். நடுவில் பொந்து விழுந்த சாலையோரப் புளி இன்னும் துளிர்ப்பது இதனால்தான்: போனது காழ், வேர் உறிஞ்சிய நீர் வெளிக்கட்டை வழியே மேலே போகிறது.

செடி இப்படி இறுகத் தொடங்கிய கதை பழையது. சுமார் 43 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தில் நின்ற குக்சோனியா என்ற செடி சில சென்டிமீட்டர் உயரந்தான். அதற்கு இலையே இல்லை. பின்வந்த செடிகளில் நீர்க்குழாய்ச் சுவரில் லிக்னின் என்ற கெட்டிப்பொருள் ஏறி இறுகியதால்தான் 38 கோடி ஆண்டுகளுக்கு முன்பே காடுகள் எழுந்தன. புறக்காழ்க் குடும்பமோ வளர்படலத்தை இழந்த மூதாதையிடமிருந்து வெகுகாலம் கழித்து வந்தது.

காழ் என்ற சொல் இருந்த இடத்தில் இன்று வைரம் என்ற சொல் இருக்கிறது. பகைக்கும் வைரம் என்ற பெயர் உண்டு. ஆனால் அவை வடமொழியின் வஜ்ரம், வைரம் என்ற இரு வேறு சொற்கள் தமிழில் ஓருருவானவை. காழோ மரத்தின் இறுக்கம், மனத்தின் பகை இரண்டையும் ஒரே வேரிலிருந்து தந்தது.

பாடநூல் எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள்: வைரக்கட்டை என்ற சொல்லின் பக்கத்தில் அகக்காழ், புறக்காழ் என்ற இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.